தாய்மாமன் மடிக்குத் தடை

முன்னொரு காலத்தில் கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது சண்டைக்கு வருவார். அந்த நாட்டை வளவமாறர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். கோபம் வந்தால் மட்டும் முதலில் ஆணை போடுவார், பிறகு சாப்பிடுவார், அதற்கும் பிறகுதான் யோசிப்பார்.

அவருடைய அவையில் சடையாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். பெயர்தான் சடையாண்டி, தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அமைச்சர் திருமேனிநாதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அமைச்சர் பேசினால் மன்னர் தலையசைப்பார். சடையாண்டி பேசினால் சிரிப்பார். இரண்டில் எது பெரிது என்று அமைச்சருக்குத் தெரியும். அதனால்தான் அந்த எரிச்சல்.

அந்த ஆண்டு எல்லைப்புறத்தில் ஒரு தொல்லை முளைத்தது. கருங்கம்பளிக் கூட்டம் என்று ஒரு கும்பல், கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சந்தை நாளாகப் பார்த்து மலையிலிருந்து இறங்கும். திருடுவது அவர்களுக்குப் பெரிதில்லை. பயமுறுத்துவதுதான் பெரிது. கொட்டகைகளுக்குத் தீ வைப்பார்கள். குறுக்கே வந்தவர்களின் கையைக் காலை முறிப்பார்கள். பிறகு மலையேறி அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே அவர்கள் படுக்கக் குகையும் தின்னச் சோறும் கொடுத்து வைத்திருந்தவர் மலைநாட்டரசர் கொற்றவேலர்.

இதில் சங்கடம் என்னவென்றால், கொற்றவேலர் அந்நியர் இல்லை. நம் அரசி நாகநல்லாளின் கூடப்பிறந்த தம்பி. எல்லையில் இருந்த காடு ஒன்று யாருக்குச் சொந்தம் என்று அத்தானுக்கும் மைத்துனருக்கும் ஒரு மனத்தாங்கல். நேரில் மோதினால் அக்கா கேட்பாள். ஆகவே மைத்துனர் கம்பளிக்காரர்களை வளர்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். கேட்டால், "அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

எல்லைச் சந்தை இரண்டாம் முறை எரிந்த செய்தி வந்ததும் வளவமாறர் அரியணையிலிருந்து எழுந்துவிட்டார்.

"மைத்துனன் என்று பார்த்தது போதும்! மலைநாட்டுக்குக் கடல் கிடையாது. அவர்கள் வாயில் வைக்கும் உப்பு அத்தனையும் நம் உப்பளத்து உப்பு. இன்று முதல் ஒரு கல் உப்பும் எல்லையைத் தாண்டக்கூடாது!"

"அற்புதம், பெருமானே!" என்றார் அமைச்சர். "சாப்பாட்டில் கைவைத்துவிட்டீர்கள். பத்தியச் சோறு எத்தனை நாள் இறங்கும்? ஓடிவந்து காலில் விழுவார்."

சடையாண்டி தலையைத் தடவிக்கொண்டான்.

"பெருமானே, ஒரு சந்தேகம். தீ வைத்தவன் கம்பளிக்காரன். அவனுக்குச் சோறு போட்டவர் அரசர். நாக்குச் செத்துப்போவது மட்டும் மலைநாட்டுக் குடியானவனுக்கா?"

"நாக்குச் செத்தால் அவர்கள் தங்கள் அரசரைக் கேள்வி கேட்பார்கள்."

"அரசரைக் கேள்வி கேட்கிற நாக்கா? அது நம் ஊரிலேயே கிடைப்பதில்லையே, பெருமானே!"

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆணை ஆணைதான். எல்லையில் உப்புச் சாவடி மூடப்பட்டது.

மாதங்கள் ஓடின. மலைநாட்டில் ஏழை எளியவர்கள் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். நம் பக்கத்து உப்பளத்துப் பெண்கள் விற்காத உப்பைக் குவித்துவைத்துவிட்டு, சாவடி வாசலில் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கருங்கம்பளிக் கூட்டம் மட்டும் மறுபடி இறங்கியது. போன தடவையைவிடக் கொஞ்சம் பூசினாற்போல இருந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மன்னருக்குப் பொறுமை போய்விட்டது.

"தை மாதம் இளவரசிக்குக் காதுகுத்து. அதற்குள் கொற்றவேலன் அந்தக் கூட்டத்தை என்னிடம் ஒப்படைக்கவேண்டும். இல்லையென்றால் விழா முடிந்த கையோடு படை புறப்படும்!"

அந்தப்புரத்தில் நாகநல்லாள் அழுத அழுகையில் தாதியர் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். ஒரு பக்கம் கட்டியவர், ஒரு பக்கம் கூடப்பிறந்தவன். வாள் எந்தப் பக்கம் வீசினாலும் அடி அவள் மேல்தான்.

திருமேனிநாதருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. அவையில் எழுந்து கைகூப்பினார்.

"பெருமானே, தங்கள் தடையை முதல் நாளே கேலி செய்தவர் ஒருவர் இருக்கிறார். தடையை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாமே? காதுகுத்துக்குள் மலைநாட்டரசரை வழிக்குக் கொண்டுவந்தால் பரிசு. முடியாவிட்டால் படைக்கு முன்னால் அவர் நாட்டைவிட்டுப் புறப்படட்டும்."

"சரி" என்று தலையசைத்தார் மன்னர். "சடையாண்டி! உன் தடை அந்தக் கூட்டத்துக்குச் சோறு போடுகிறவனைச் சுடவேண்டும். வேறு ஒருவரைத் தொடக்கூடாது. முடியுமா?"

"ஆணையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் பெருமானே. சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுகிறேன்."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆணை சொல்வதென்றால் அவருக்குத் தனி உற்சாகம். "கருங்கம்பளிக் கூட்டத்துக்குச் சோறு போடுகிறவருக்கு உப்பு கிடையாது. அப்படிப்பட்டவருக்கு உப்பு கொடுத்து உதவுகிறவருக்கும் உப்பு கிடையாது. அவர் யாராக இருந்தாலும் சரி!"

"யாராக இருந்தாலும்?"

"யாராக இருந்தாலும்!"

சடையாண்டி தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எல்லைச் சாவடிக்குப் போனான்.

அங்கே சில நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தான். உப்பளத்துக்காரி சீனியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏஞ்சாமி, புதுசா வந்திருக்கிய. எங்க கூடையை மட்டும் நிறுத்துதிய, அந்தா போகுதே மூடு வண்டி, அதை ஏன் நிறுத்த மாட்டேங்கிய?"

"அதுல அமைச்சர் முத்திரை இருக்கு, ஆத்தா. மருந்து உப்பாம். நோயாளிகளுக்கு ஒத்தடம் கொடுக்கவாம்."

"அம்புட்டு வண்டி ஒத்தடமா? மலைநாட்டுல ஆளு இருக்கா, இல்ல எல்லாரும் வீங்கிப்போய்க் கிடக்காவளா?"

சடையாண்டி மூடு வண்டியை நிறுத்தினான். வண்டிக்காரன் ஒளிக்கவில்லை. உப்பு நேராகக் கொற்றவேலரின் அரண்மனைக்குப் போகிறது. திரும்பும்போது அமைச்சர் வீட்டுக்குத் தேனும் மலைவாழையும் வருகின்றன. இவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் மன்னர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். தலைவாழை இலை. சுண்டைக்காய் வற்றல் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் மாறியது. பொரியலை எடுத்தார். முகம் இன்னும் மாறியது. மோரைக் குடித்தார்.

"யாரங்கே! இது என்ன, மாட்டுக்கு வைத்த கழுநீரா?"

சமையற்காரர் நடுங்கிக்கொண்டே வந்தார். "பெருமானே, உப்பு இல்லை. சடையாண்டி ஆட்களை அனுப்பி உப்பறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்."

சடையாண்டியை இழுத்துவந்தார்கள். சத்தம் கேட்டு அவையினரும் கூடிவிட்டார்கள். கூடவே ஓடிவந்த அமைச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பயல் ஒழிந்தான் என்று நினைத்தார்.

"எவ்வளவு திமிர் இருந்தால் என் உப்பைப் பூட்டுவாய்?"

"ஆணையை நிறைவேற்றினேன், பெருமானே. கூட்டத்துக்குச் சோறு போடுகிறவர் மலைநாட்டரசர். அவருக்கு உப்பு அனுப்புகிறவர் நம் அமைச்சர். வண்டியும் வண்டிக்காரனும் வாசலில் நிற்கிறார்கள். ஆகவே அமைச்சர் வீட்டு உப்பை நிறுத்தினேன். அமைச்சருக்கு அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அரண்மனை உப்பறையிலிருந்து. உப்பறை யாருடையது?" சடையாண்டி குரலைத் தாழ்த்தினான். "யாராக இருந்தாலும் என்று தாங்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னீர்களே, பெருமானே!"

மன்னர் மெல்லத் திரும்பி அமைச்சரைப் பார்த்தார்.

"பெருமானே, அது மருந்து உப்பு!" என்றார் திருமேனிநாதர். "நோயாளிகளுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்று நான் கேட்டபோது தாங்கள்தான் தலையசைத்தீர்கள்."

அது உண்மை. மன்னர் தலையசைத்திருந்தார். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. அவர் தம் இலையைப் பார்த்தார், மோரைப் பார்த்தார், கடைசியில் தம்மையே நினைத்துச் சிரித்துவிட்டார்.

"சரியடா. மூடு வண்டி இனிப் போகாது. ஆனால் உப்பை நிறுத்தினால் ஊரெல்லாம் வலிக்கிறது, அவனுக்கு மட்டும் வலிப்பதில்லை. கொள்ளைக்காரனுக்குச் சோறு போடுகிறவனுக்குத் தன் சோற்றுக்கு உப்புத் தேடத் தெரியாதா? அவனுக்கு மட்டும் வலிக்கிற எது நம்மிடம் இருக்கிறது?"

"தங்கள் மகளின் காது இருக்கிறது, பெருமானே."

"என்ன உளறுகிறாய்?"

"காதுகுத்தில் குழந்தை யார் மடியில் உட்காரும்? தாய்மாமன் மடியில். மலைநாட்டரசருக்குப் பெண் குழந்தை இல்லை. அக்காள் மகள் அல்லிக்கொடி பிறந்த நாளிலிருந்து இந்த ஒரு நாளுக்காக மனிதர் காத்துக் கிடக்கிறார். சீர் கொண்டுவர யானைக்கு நடை பழக்குகிறாராம். தோடு செய்யும் ஆசாரியை அரண்மனையிலேயே தங்கவைத்து, மூன்று முறை உருக்கி மூன்று முறை செய்யவைத்தாராம். சாவடியில் மலைநாட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். உப்புத் தடையை எடுத்துவிடுங்கள். அந்த மடிக்குத் தடை போடுங்கள். அவர் நாட்டில் எல்லாரையும் விழாவுக்கு அழையுங்கள். அவரை மட்டும் அழைக்காதீர்கள்."

கூடியிருந்தவர்களிடம் ஒரு சலசலப்பு. அமைச்சர் ஓர் அடி முன்னால் வந்தார். "தாய்மாமன் வராவிட்டால் இளவரசி யார் மடியில் உட்காருவார்? தங்கள் மடியிலா, சடையாண்டியாரே?" என்று கேட்டுவிட்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அவையினரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மன்னருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்வார் என்றுதான் தெரியுமே.

"ஆம்! சடையாண்டி மடியில்தான்! இளவரசி சடையாண்டி மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வாள். இது என் வாக்கு. முரசறையுங்கள்!"

முரசு முழங்கி முடிப்பதற்குள் அந்தப்புரத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. நாகநல்லாள் கண் சிவந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீ நல்லா இருப்பியா சடையாண்டி? மணவறைக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவன் என் தம்பி. அவன் மடி இல்லாம என் பொண்ணுக்குக் காது குத்தறதா?"

"அம்மா, படை கிளம்பிச்சுன்னா மடியும் இருக்காது, தம்பியும் இருக்க மாட்டாரு. இப்ப மடிக்குத்தான் தடை. அதை உடைக்கிற வழி அவர் கையிலயே இருக்கு."

"அவன் வீம்பு பிடிச்சவன். வரலைன்னா?"

"வரலைன்னா என்னம்மா, நான் எண்ணெய் தேய்ச்சுத் தலைமுழுகி, மடியைச் சுத்தமா வச்சிருப்பேன்."

"உன் தலைக்கு எண்ணெய் ஒரு கேடு" என்று சொல்லும்போதே அரசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழைப்புத் தட்டை அவளே எடுத்துவைத்தாள்.

உப்புச் சாவடி திறந்தது. சீனியம்மாளும் மற்ற பெண்களும் கூடை கூடையாக உப்போடு மலையேறினார்கள். கூடவே சுமங்கலிகள் அழைப்புத் தட்டோடு போனார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு கிண்ணம் கல்லுப்பு. மலைநாட்டில் ஒரு வீடு விடவில்லை. "குடும்பத்தோட முந்தின நாளே வந்திரணும்" என்று வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அரண்மனைக்குப் போனார்கள்.

கொற்றவேலரின் மனைவி செண்பகவடிவு குங்குமம் எடுத்துக்கொண்டாள். கொற்றவேலரும் சிரித்த முகமாக வெற்றிலைக்குக் கை நீட்டினார். அழைக்க வந்த பெண் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தடைங்க, அரசே."

"எனக்கா? நான் தாய்மாமன் அம்மா!"

"அதனாலதாங்க. வெறும் அரசரா மட்டும் இருந்திருந்தா உப்புத் தடையோட போயிருக்கும். கம்பளிக்காரங்களுக்குச் சோறு போடறவங்களுக்கு மடி கிடையாதுன்னு ஆணை."

"அப்போ குழந்தை யார் மடியில உட்காரும்?"

"சடையாண்டி மடியிலங்க."

"அந்த மொட்டைத் தலையனா!" என்று கொற்றவேலர் போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன.

பெண்கள் போனதும் செண்பகவடிவு பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து உதறினாள்.

"எங்கே கிளம்பறே?"

"நாத்தனா வீட்டு விசேஷம். போகாம இருக்க முடியுமா?"

"என்னை விட்டுட்டா?"

"உங்களுக்குத்தான் உங்க கம்பளிக்காரங்களை விட மனசு வரலையே. அவங்ககூடவே இருங்க. அவங்கள்ல யாருக்காவது பொண்ணு பொறந்தா, மடியில வச்சுக் காது குத்துங்க."

அவள் போனாள். அவள் பின்னாலேயே நாடும் போனது. மாதக்கணக்காக உப்பில்லாத கஞ்சி குடித்த சனம். ராஜ விருந்து என்றால் விடுவார்களா? கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அரண்மனைச் சமையற்காரர்கள், தயிர்க்காரி, யானைக்கு நடை பழக்கிய பாகன் எல்லாரும் கிளம்பினார்கள். காவலுக்கென்று சில வீரர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் பகலில் கருங்கம்பளிக் கூட்டம் வழக்கம்போல அரண்மனைக் கொல்லைப்புறம் வந்து உட்கார்ந்தது.

"என்ன ராஜா, சோறு இன்னும் வரலை?" என்றான் கூட்டத் தலைவன்.

"சமையல் ஆள் இல்லையப்பா."

"ஆள் இல்லைன்னா? நீங்க இருக்கீங்கல்ல?"

கொற்றவேலர் வாழ்நாளில் அடுப்பு மூட்டியதில்லை. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் கரித்தது. பானையைக் கைத்துணி இல்லாமல் இறக்கிப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டார். ஒருவழியாக ஏதோ ஒன்றை வடித்துக்கொண்டு வந்தார்.

"இது சோறா, பசையா?" என்றான் ஒருவன்.

"பசைன்னா ஒட்டும்பா. இது அதுக்கும் ஆகாது" என்றான் இன்னொருவன்.

தலைவன் சோற்றை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தான். "விடுங்கடா. நாளைக்கு அந்தக் காதுகுத்துக்கே போவோம். நல்ல கூட்டம் சேரும். சமையல் பந்தல் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம். நாலு மூலையிலும் தீயை வச்சா நாடே நடுங்கும். என்ன ராஜா, நான் சொல்றது?"

அந்தப் பந்தலில் யார் யார் இருப்பார்கள் என்று கொற்றவேலரின் மனம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பட்டுப்புடவையோடு செண்பகவடிவு. அக்கா. மணையில் சின்னக் குழந்தை. அவருடைய தயிர்க்காரி, அவருடைய பாகன், அவர் குடிமக்கள் அத்தனை பேரும். இத்தனை நாள் யாரோ ஒருவருடைய சந்தையில் எரிந்த தீ அது. சோறு போட்டு வளர்த்தது தம் கை.

"நல்ல யோசனைதான்" என்றார். "வெறும் வயித்தோட எப்படிப் போவீங்க? நெல் வைக்கிற குகையில பலாப்பழமும் தேனும் இருக்கு. உள்ள போய் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க."

உண்மையில் அங்கே நெல்லைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனதும் கொற்றவேலர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். தம் முதுகையே முட்டுக்கொடுத்துக்கொண்டு, "காவலர்களே!" என்று கத்தினார்.

காவலர்களுக்கு விஷயம் தெரிந்ததும் வேறு உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை.

"இவனுங்களாலதானடா நமக்கு விருந்து போச்சு!" என்று கயிற்றை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலை. பந்தலில் தோரணம், நாதசுரம், இரண்டு நாட்டுச் சனமும் ஒன்றாக. இளவரசி அல்லிக்கொடிக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். சடையாண்டி புதுவேட்டி கட்டி, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எண்ணெய் தேய்த்த தலை குத்துவிளக்குக்குப் போட்டியாக மின்னியது. வாய்தான் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தது. கண் மலைப்பாதையை விட்டு நகரவில்லை. அரசியும் அந்தப் பக்கமே பார்த்தாள். பந்தலுக்கு வெளியே படை வீரர்கள் குதிரைகளோடு தயாராக நின்றார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தையைத் தூக்கிச் சடையாண்டி மடியில் வைக்கக் கை நீட்டினார்கள்.

"ஐயோ, கம்பளி! கருங்கம்பளி!" என்று யாரோ அலறினார்கள்.

மலைப்பாதையில் மாட்டு வண்டிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வண்டி நிறையக் கறுப்புக் கம்பளிகள். சனம் சிதறி ஓடப் பார்த்தது. வீரர்கள் வாளை உருவினார்கள். அப்போது முதல் வண்டியிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்தார். முகமெல்லாம் கரி, பெருவிரலில் துணிக்கட்டு, தலையில் பாகை இல்லை. கிட்டே வந்த பிறகுதான் அவர் ஓர் அரசர் என்று தெரிந்தது.

"அத்தான், சீர் கொண்டாந்திருக்கேன்!"

வண்டியில் இருந்த கம்பளியை இழுத்தார். உள்ளே கூட்டத் தலைவன், வாழைத்தார் போலக் கட்டப்பட்டுக் கிடந்தான். ஒவ்வொரு கம்பளிக்குள்ளும் ஒருவன்.

"தெரியாதுன்னு சத்தியம் பண்ணினேன். பொய். நான்தான் சோறு போட்டு வச்சிருந்தேன்" என்றார் கொற்றவேலர். அக்காவின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்ன தண்டனைன்னாலும் கொடுங்க. மடி மட்டும்... மடி மட்டும் எனக்குக் கொடுங்க, அத்தான்."

மன்னர் வாயைத் திறப்பதற்குள் திருமேனிநாதர் முன்னால் வந்தார்.

"பெருமானே, ஆணை என்ன? கூட்டத்துக்குச் சோறு போடுகிறவருக்கு மடி கிடையாது. இவரோ தாமே ஒப்புக்கொள்கிறார்."

"சோறு போட்டவர்தான், அமைச்சரே" என்றான் சடையாண்டி. "இப்போது போடுகிறாரா என்பதல்லவா கேள்வி? ஏனப்பா, கட்டுண்டு கிடக்கிறவனே! இவர் உனக்குக் கடைசியாகச் சோறு போட்டது எப்போது?"

"சோறா!" என்று வண்டியிலிருந்து தலைவன் சீறினான். "நேத்து ஒரு பசையைக் காய்ச்சிக் கொண்டாந்தாரு. அதுக்கு அப்புறம் தண்ணிகூடக் கண்ணுல காட்டலை!"

"கேட்டீர்களா? இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? தடை நீங்கியது, பெருமானே."

திருமேனிநாதர் விடவில்லை. "இருக்கட்டும். இளவரசி சடையாண்டி மடியில்தான் உட்காருவார் என்று நாடெங்கும் முரசறைந்தோம். மன்னர் வாக்குப் பொய்க்கலாமா? தாய்மாமன் மடியில் உட்காரவைத்தால் வாக்குப் போயிற்று. சடையாண்டி மடியில் உட்காரவைத்தால், சரணடைந்து வந்த மைத்துனருக்கு இந்தச் சபையில் அவமானம். அவர் திரும்பிப் போய் என்ன செய்வாரோ? இதற்கும் சடையாண்டியாரிடம் வழி இருக்குமே!"

மன்னர் மீசையைக் கடித்தார். யோசிக்காமல் போட்ட ஆணை எல்லாம் அவர் கண்முன் வந்து நின்றது. நாகநல்லாள் குழந்தையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சடையாண்டி ஆசாரியைப் பார்த்துத் திரும்பினான்.

"ஆசாரியாரே, குழந்தைக்கு எத்தனை காது?"

ஆசாரி விழித்தார். "இதென்ன கேள்வி? ரெண்டு."

"இரண்டையும் ஒரே மடியில்தான் குத்தவேண்டும் என்று யாராவது முரசறைந்தார்களா?"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அரசிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் விறுவிறுவென்று வந்து, தம்பியின் தோளைப் பிடித்து மணையில் உட்காரவைத்தாள். முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்தாள். "எத்தனை வயசானாலும் மூஞ்சி கழுவிட்டு வரத் தெரியாது உனக்கு" என்றாள். குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

வலது காதில் ஊசி ஏறியது. குழந்தை வீரிட்டது. கொற்றவேலர் அதைவிடப் பெரிதாக அழுதார். அப்படியே குழந்தையைத் தூக்கிப் பக்கத்து மணைக்கு மாற்றினார்கள். சடையாண்டியின் மொட்டைத் தலையில் விளக்கு தெரிவதைக் கண்டு அல்லிக்கொடி அதைத் தொட்டுப்பார்த்தாள். அந்த வியப்பில் இடது காது குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

வளவமாறர் சிரிக்கத் தொடங்கினார். அரியணையில் சிரிப்பதுபோல அளவாக இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மைத்துனர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். படைவீரர்கள் குதிரைகளின் சேணத்தை அவிழ்த்துவிட்டுப் பந்திக்கு இடம் பிடிக்க ஓடினார்கள்.

எரிந்த சந்தைக் கொட்டகைகளைக் கம்பளிக்காரர்களே கட்டித் தரவேண்டும், காவலில் இருந்தபடி. அதற்கு மரம் அந்த எல்லைக் காட்டிலிருந்து கொற்றவேலர் வெட்டித் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கை கால் முறிந்தவர்களின் வீட்டுப்பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

"அமைச்சரே" என்றார் மன்னர். "பந்தியில் இலைக்கு இலை உப்பு வைக்கும் பொறுப்பு தங்களுடையது. மலைநாட்டு மக்களுக்கு ஒருவர் விடாமல் வைக்கவேண்டும். யாருக்கும் விலக்குக் கிடையாது."

திருமேனிநாதர் உப்புக் கிண்ணத்தோடு குனிந்து குனிந்து நடந்தார். பந்தி நீளமாகத்தான் இருந்தது.

மன்னர் தம் காதில் இருந்த வைரக் கடுக்கன்களைக் கழற்றினார். "சடையாண்டி, ஒரு போரைத் தடுத்தாய். என் வீடு இரண்டாகப் போகாமல் காப்பாற்றினாய். இந்தா, போட்டுக்கொள்."

சடையாண்டி கையில் வாங்கிக்கொண்டு தயங்கினான்.

"என்னடா?"

"பெருமானே... எனக்குக் காது குத்தவில்லை. சிறுவயதில் ஊசியைக் கண்டு ஓடினவன்தான்."

"ஓகோ! ஆசாரியாரே, ஊசியை வைத்துவிடாதீர்கள்!" மன்னர் சம்மணமிட்டு உட்கார்ந்து தம் மடியைத் தட்டினார். "வா அப்பா, வா. உனக்குத் தாய்மாமன் யாரும் இல்லையே, நான் இருக்கிறேன்!"

சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓட, அவனைப் பிடிக்க மலைநாட்டரசர் பின்னால் ஓட, அல்லிக்கொடி கைகொட்டிச் சிரிக்க, அன்றைய விருந்து முடிய வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவையில் சடையாண்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவன் காதுகளில் வைரக் கடுக்கன் மின்னியதைப் பார்த்தார்கள். யார் மடி என்று கேட்டால் மட்டும் அவன் பேச்சை மாற்றிவிடுவான், மன்னர் சிரித்துவிடுவார்.